இனிப்பு நீரும் ஆண்மையும்: மாத்திரையைப் பழிக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மலாய், சீன, இந்திய ஆண்களைத் தனித்தனிக் குழுக்களாக அமர்த்தி, வெளியில் எவரும் வாய்திறக்கத் தயங்கும் ஒரு விஷயத்தைப் பற்றிப் பேச வைத்தார்கள் மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர் லோ வா யுன்னும் அவருடைய சகாக்களும். விஷயம், ஆணுறுப்பின் விறைப்புக் குறைபாடு. 2002ஆம் ஆண்டு வெளிவந்த அந்த ஆய்வில் ஒரு வேறுபாடு பதிவாகியிருக்கிறது. மலாய், சீன ஆண்களிடம் மனைவியைக் குறைசொல்லும் போக்கு தெரிந்தது. இந்திய ஆண்கள் மனைவியைச் சொல்லவில்லை. விதி என்றார்கள்.

மனைவியைப் பழிக்காதவரை நல்லதுதான். ஆனால், விதி என்று சொல்லிவிட்டால் கிளினிக்குக்குப் போக வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விடுகிறது. அதுதான் சிக்கல்.

அந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து சில கிலோமீட்டர் தூரத்தில், பழைய கிள்ளான் சாலையை ஒட்டி இருக்கிறது கம்போங் மேடான். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில் வேலை தேடி வந்த தோட்டப்புறக் குடும்பங்கள் புறம்போக்கு நிலத்தில் குடிசை போட்டு, பிறகு நீண்ட வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் மாறிய வட்டாரம். நாளிதழ்களில் இதன் பெயர் 2001 மார்ச் மாதக் கலவரத்தோடுதான் அதிகம் அடிபட்டது. இங்கு வாழ்பவர்களின் உடல்நலத்தைப் பற்றி அவ்வளவு எழுதப்படவில்லை. லோரி ஓட்டுநர், காவலாளி, தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை என்று இரவு பகல் மாறி உழைப்பவர்களுக்கு ரொட்டி சானாயும் கட்டிப்பால் ஊற்றிய தே தாரேக்கும்தான் பல வேளைகளில் சாப்பாடு. இனிப்பு நீர் நோய்க்கு இதைவிட வசதியான சூழல் தேவையில்லை.

தேசிய சுகாதார, நோய் ஆய்வு 2019இல் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. ஏறக்குறைய மூவரில் ஒருவர். 2023இல் நாட்டின் மொத்த அளவு 15.6 விழுக்காட்டுக்கு இறங்கியபோதும் இந்தியர்களே முதலிடத்தில் இருந்தார்கள். கண், சிறுநீரகம், கால் புண் என்று இந்நோயின் விளைவுகளைப் பற்றிச் சமூக நிகழ்ச்சிகளில் பேசுகிறோம். கால் துண்டிக்கப்பட்டவரைக் கண்ணால் பார்க்கிறோம். படுக்கையறையில் நடப்பது மட்டும் வெளியே வருவதில்லை.

ஆனால், அது அரிதான ஒன்றல்ல. பல நாடுகளில் நடந்த 145 ஆய்வுகளை, 88,000க்கும் மேற்பட்ட ஆண்களின் விவரங்களோடு ஒன்றுசேர்த்துப் பார்த்த ஓர் ஆய்வு 2017இல் வெளிவந்தது. நீரிழிவு உள்ள ஆண்களில் பாதிக்கும் சற்றே அதிகமானோருக்கு, அதாவது 52.5 விழுக்காட்டினருக்கு, ஏதோ ஓர் அளவில் விறைப்புக் குறைபாடு இருந்தது. நோய் இல்லாதவர்களோடு ஒப்பிட்டால் இது வருவதற்கான வாய்ப்பு மூன்றரை மடங்கு. மற்ற ஆண்களைவிடப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் முன்னதாகவே, நாற்பதுகளிலேயே இது தலைகாட்டுகிறது.

விதிக்கு அடுத்தபடியாகச் சொல்லப்படும் காரணம், “மாத்திரை போட ஆரம்பிச்ச பிறகுதான் இப்படி ஆச்சு” என்பது. விதியைவிட இது ஆபத்தானது. ஏனென்றால் இதைச் சொன்னவர் அடுத்துச் செய்வது மாத்திரையை நிறுத்துவது. மனைவியிடம்கூடச் சொல்லாமல் மெட்ஃபோர்மின் பொட்டலத்தை அலமாரியில் போட்டுவிட்டு, மூன்று மாதம் கழித்து இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை ஏறிவிட்டதாக டாக்டர் கேட்கும்போது தலையைச் சொறிபவர்கள் உண்டு. உண்மையில் அவரைப் பாதிப்பது மாத்திரை அல்ல, அந்த மாத்திரை கட்டுப்படுத்த முயலும் சர்க்கரைதான். அது எப்படி என்பதைப் புரிந்துகொண்டால் மாத்திரையைக் கைவிடத் தோன்றாது.

அடுப்பும் புகையும்

விறைப்பு என்பது அடிப்படையில் இரத்த ஓட்டம். மூளையிலிருந்து நரம்பு வழியாகக் கட்டளை வருகிறது. ஆணுறுப்புக்குள் பஞ்சு போன்ற திசுவில் இருக்கும் நரம்பு முனைகளும் இரத்தக் குழாய்களின் உட்சுவரும் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயுவை வெளியிடுகின்றன. அது குழாய்ச் சுவரின் தசையைத் தளர்த்துகிறது. குழாய் விரிகிறது, இரத்தம் நிறைகிறது, வெளியேறும் வழிகள் அழுத்தப்பட்டு அடைபடுகின்றன. இரத்தக் குழாய்களில் நைட்ரிக் ஆக்சைடு இப்படித் தகவல் கொண்டுசெல்லும் வேலையைச் செய்கிறது என்பதைக் கண்டறிந்ததற்காக ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் ஆகிய மூன்று அமெரிக்க அறிவியலாளர்களுக்கு 1998இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இந்த வாயு சில நொடிகள்தான் நிற்கும். அந்தச் சில நொடிகளுக்குள் அதை அழிக்கும் ஒன்று பக்கத்திலேயே இருந்தால் வேலை கெட்டுவிடும். நீரிழிவில் நடப்பது அதுதான்.

விறகடுப்பை எண்ணிப் பார்க்கலாம். அளவாக விறகு வைத்தால் நெருப்பு நன்றாக எரியும். அளவுக்கு மீறித் திணித்தால் நெருப்பைவிடப் புகைதான் அதிகம் வரும். உடலின் பெரும்பாலான செல்களுக்குள்ளும் சர்க்கரையை எரித்துச் சக்தி எடுக்கும் சிறு அடுப்புகள் உண்டு. மைட்டோகாண்ட்ரியா என்று பெயர். சர்க்கரை அளவுக்கு மீறி வரும்போது அவை வெளியிடும் புகைதான் சூப்பராக்சைடு போன்ற வீரியம் மிக்க ஆக்சிஜன் துகள்கள். இவை அளவோடு இருந்தால் உடலே சமாளித்துக்கொள்ளும். சமாளிக்க முடியாத அளவுக்குப் பெருகும் நிலையைத்தான் ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்கிறார்கள்.

எல்லா உறுப்புக்கும் ஏன் இந்தக் கதி வருவதில்லை? நியூயார்க்கின் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த மைக்கேல் பிரவுன்லீ இதற்கு ஒரு விளக்கம் தந்தார். இரத்தத்தில் சர்க்கரை ஏறும்போது பெரும்பாலான செல்கள் கதவைச் சற்றுச் சாத்திக்கொண்டு, உள்ளே வரும் அளவைக் குறைத்துக்கொள்கின்றன. சில வகைச் செல்களுக்கு அந்தத் திறன் இல்லை. வெளியே எவ்வளவு இருக்கிறதோ, உள்ளேயும் அவ்வளவு வந்து நிறைகிறது. விழித்திரையின் நுண்குழாய்கள், சிறுநீரக வடிகட்டிகள், நரம்புகள், இரத்தக் குழாய்களின் உட்சுவர் ஆகியவை அந்த வகையைச் சேர்ந்தவை. நீரிழிவு கண்ணையும் சிறுநீரகத்தையும் நரம்பையும் தேடிப் போய் அடிப்பதற்கு இதுவே காரணம் என்றார் பிரவுன்லீ. ஆணுறுப்பு என்பது நரம்பும் இரத்தக் குழாயும் சேர்ந்த உறுப்பு. இரண்டு பக்கமும் அடி விழுகிறது.

சூப்பராக்சைடு நைட்ரிக் ஆக்சைடோடு மோதும்போது இரண்டும் சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்ற வேறொரு பொருளாக மாறிவிடுகின்றன. குழாயை விரிக்க வேண்டிய வாயு குறைகிறது. அதோடு விடவில்லை, புதிதாக உண்டான பொருள் குழாய்ச் சுவரையும் அரிக்கிறது. இன்னும் மோசமானது, நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதியே பழுதடைந்து, அதற்குப் பதிலாகச் சூப்பராக்சைடைத் தயாரிக்கத் தொடங்கிவிடுகிறது. காவலுக்கு வைத்தவனே திருடனாகிவிட்ட மாதிரி.

இவையெல்லாம் ஒரே நாளில் நடப்பவை அல்ல. இரண்டாம் வகை நீரிழிவு கண்டுபிடிக்கப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே உடலில் இருந்துகொண்டிருக்கும். குழாய்களும் நரம்புகளும் அப்போதே பழுதாகத் தொடங்கிவிடுகின்றன. ஒருநாள் காய்ச்சலுக்கோ, வேலை அனுமதிக்கான பரிசோதனைக்கோ போனவரிடம் சர்க்கரை இருப்பது தெரிகிறது, மாத்திரை தொடங்குகிறது. அதே காலத்தில்தான் விறைப்புக் குறைவதும் கவனத்துக்கு வருகிறது. இரண்டும் அடுத்தடுத்து நடப்பதால் ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் போலத் தோன்றிவிடுகிறது.

மெட்ஃபோர்மின் விறைப்பைக் கெடுக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. நீண்ட காலம் சாப்பிடும் சிலருக்கு வைட்டமின் பி12 குறைந்து நரம்புகள் பாதிக்கப்படலாம் என்பது உண்மை. அதை ஓர் இரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடலாம். இரத்த அழுத்த மாத்திரைகளின் கதை சற்று வேறு. அட்டெனோலோல் போன்ற பீட்டா தடுப்பிகளும், சிறுநீரைப் பெருக்கும் சில மாத்திரைகளும் சிலருக்கு விறைப்பைப் பாதிக்கக்கூடும். அதற்கும் வழி, டாக்டரிடம் சொல்லி வேறு மாத்திரைக்கு மாறுவதுதான்.

இதில் மனத்தின் பங்கும் உண்டு. இத்தாலியில் 2003இல் இருதய நோயாளிகளான 96 ஆண்களுக்கு அட்டெனோலோல் கொடுத்துப் பார்த்தார்கள். என்ன மாத்திரை என்றே தெரியாதவர்களில் 3 விழுக்காட்டினர்தான் விறைப்புக் குறைந்ததாகச் சொன்னார்கள். மாத்திரையின் பெயரோடு, அது ஆண்மையைப் பாதிக்கக்கூடும் என்பதும் சொல்லப்பட்டவர்களில் 31 விழுக்காட்டினர் அப்படிச் சொன்னார்கள். மருந்து ஒன்றே. காதில் விழுந்த சொல்தான் வேறு. தேநீர்க் கடையில் நண்பர் சொல்லும் ஒரு வாக்கியமும் இதே வேலையைச் செய்யும்.

ஹார்மோன் எங்கே வருகிறது?

டெஸ்டோஸ்டிரோன் ஆண்களின் முக்கிய பாலியல் ஹார்மோன். விருப்பத்தை உண்டாக்குவது, தசைக்கும் எலும்புக்கும் பலம் தருவது, காலையில் தானாக வரும் விறைப்பு ஆகியவற்றில் இதற்குப் பங்குண்டு. அமெரிக்காவின் பஃபலோ நகரில் சந்தீப் டிண்ட்சாவும் பரேஷ் டண்டோனாவும் 2004இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 103 ஆண்களில் மூன்றில் ஒரு பங்கினருக்கு இந்த ஹார்மோன் குறைவாக இருந்தது. பின்னர் வந்த ஆய்வுகளும் இதை ஒட்டியே பேசின.

காரணத்தின் பெரும்பகுதி வயிற்றில் இருக்கிறது. தொப்பையில் சேரும் கொழுப்பு சும்மா கிடக்கும் சுமை அல்ல. அதிலுள்ள ஒரு நொதி டெஸ்டோஸ்டிரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அந்தக் கொழுப்பிலிருந்து கிளம்பும் அழற்சிப் பொருள்கள், மூளையிலிருந்து விரைக்குப் போக வேண்டிய உத்தரவை மங்கவைக்கின்றன. விரையில் ஹார்மோன் சுரக்கும் செல்களையும் ஆக்சிஜனேற்ற அழுத்தம் விட்டுவைப்பதில்லை. ஹார்மோன் குறைந்தால் தசை குறைந்து கொழுப்பு கூடும். கொழுப்பு கூடினால் ஹார்மோன் இன்னும் குறையும். செக்குமாடு மாதிரி ஒரே வட்டம்.

இந்த இடத்தில் ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. ஆசை இருக்கிறது, உடல் ஒத்துழைக்கவில்லை என்றால் பெரும்பாலும் இரத்தக் குழாய், நரம்புப் பிரச்சினை. ஆசையே குறைந்துவிட்டது, எப்போதும் சோர்வு, காலை விறைப்பு இல்லை என்றால் ஹார்மோனைப் பரிசோதிக்கக் காரணம் உண்டு. மனச்சோர்வும் இதே அடையாளங்களோடு வரும் என்பதால் தானாக முடிவு கட்டிவிடக் கூடாது.

பரிசோதனைக்கும் முறை இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து மாலையில் இறங்கும். எனவே, காலை 7 மணிக்கும் 11 மணிக்கும் இடையில், வெறும் வயிற்றில் இரத்தம் எடுக்க வேண்டும். குறைவாக வந்தால் வேறொரு நாள் மறுபடியும் பார்க்க வேண்டும். லிட்டருக்கு 12 நானோமோலுக்கு மேல் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. 8க்குக் கீழே என்றால் குறைபாடு. இடையில் இருந்தால் அறிகுறிகளை வைத்து டாக்டர் முடிவு செய்வார். மாலை ஐந்து மணிக்கு ஏதோ ஒரு பரிசோதனைக் கூடத்தில் ஒருமுறை எடுத்த எண்ணை வைத்துக்கொண்டு ஊசி போட்டுக்கொள்வது பணத்துக்கும் உடம்புக்கும் கேடு.

ஊசியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆஸ்திரேலியாவில் நடந்த பெரிய ஆய்வொன்றில், தொப்பை உள்ள, டெஸ்டோஸ்டிரோன் குறைந்த அளவிலிருந்த 1,007 ஆண்களுக்கு உணவுக் கட்டுப்பாட்டோடும் உடற்பயிற்சியோடும் இரண்டு ஆண்டுகள் ஹார்மோன் ஊசியோ வெறும் ஊசியோ போடப்பட்டது. முடிவுகள் 2021இல் வெளிவந்தன. வெறும் ஊசி பெற்றவர்களில் 21 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. ஹார்மோன் பெற்றவர்களில் 12 விழுக்காடு. நல்ல செய்திதான். ஆனால், ஹார்மோன் பெற்றவர்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் இரத்தம் அளவுக்கு மீறிக் கெட்டிப்பட்டது. குறைபாடு உறுதியானவர்களுக்கு, நிபுணரின் கண்காணிப்பில் மட்டுமே இது சரி. பிள்ளை பெற்றுக்கொள்ள நினைக்கும் இளம் கணவர்கள் ஒன்றைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் விந்தணு உற்பத்தி குறையும், நின்றும் போகலாம். ஆண்மையைக் கூட்டும் என்று நம்பிப் போட்ட ஊசி, தகப்பனாகும் வாய்ப்பைத் தடுத்துவிடும்.

முதலில் தெரிவது இங்கே, பிறகு இருதயத்தில்

இந்தக் குறைபாட்டை விதி என்று மூடி மறைப்பதில் உள்ள பெரிய ஆபத்து படுக்கையறையோடு முடிவதில்லை.

ஆணுறுப்புக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாயின் விட்டம் 1 முதல் 2 மில்லிமீட்டர். இருதயத்துக்குப் போகும் குழாய் 3 முதல் 4 மில்லிமீட்டர். உட்சுவரில் பழுது ஏற்படும்போது சிறிய குழாய் முதலில் அடைபடும் என்பது எளிய கணக்கு. இத்தாலியின் மிலான் நகர இருதய மருத்துவர் பியேரோ மொன்டோர்சியும் சகாக்களும் நெஞ்சுவலியோடு வந்து, இருதயக் குழாய் அடைப்பு உறுதியான 300 ஆண்களை விசாரித்தார்கள். ஏறத்தாழப் பாதிப்பேருக்கு விறைப்புக் குறைபாடு இருந்தது. அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது நெஞ்சுவலிக்கு முன்பே வந்துவிட்டது. சராசரியாக 38 மாதங்கள் முன்பு. மூன்று ஆண்டுக்கும் மேல்.

நீரிழிவுக்காரர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களுக்கு நரம்பு மரத்துப் போவதால் மாரடைப்பு நெருங்கும்போதும் நெஞ்சுவலி தெரியாமல் இருக்கலாம். 2004இல் வெளியான மற்றோர் இத்தாலிய ஆய்வில், வலியே இல்லாமல் இருதயத்தில் இரத்த ஓட்டம் குறைந்திருந்த நீரிழிவு ஆண்களில் 33.8 விழுக்காட்டினருக்கு விறைப்புக் குறைபாடு இருந்தது. இருதயம் நன்றாக இருந்த நீரிழிவு ஆண்களில் அது 4.7 விழுக்காடு மட்டுமே. நெஞ்சு சொல்லாததை வேறோர் உறுப்பு சொல்லியிருக்கிறது. நாற்பத்தைந்து வயது லோரி ஓட்டுநர் ஒருவர் இந்தக் குறையை வெட்கப்படாமல் டாக்டரிடம் சொன்னால், இரத்த அழுத்தம், கொழுப்பு, இருதயம் எல்லாம் அன்றே பார்க்கப்படும். சொல்லாமல் மறைத்தால் பார்க்கப்படாது.

காப்பிப் பொட்டலம்

டாக்டரிடம் போகத் தயங்குபவர்களுக்காகவே ஒரு வியாபாரம் நடக்கிறது. பாசார் மாலாமில், மருந்து விற்கும் தெருவோரக் கடையில், இப்போது கைப்பேசி விளம்பரத்தில். தொங்காட் அலி காப்பி, வேர்ச்சூரணம், லேகியம், தேன். ‘முழுக்க மூலிகை, பக்கவிளைவு இல்லை’ என்று எழுதியிருக்கும். குடித்த அன்று வேலையும் செய்யும். வேலை செய்வதுதான் சந்தேகப்பட வேண்டிய காரணம். எந்த மூலிகையும் அரை மணி நேரத்தில் அப்படி வேலை செய்வதில்லை. இத்தகைய காப்பிப் பொடிகளிலும் மூலிகைப் பொருள்களிலும் சில்டெனாஃபில், டடாலாஃபில் போன்ற மருந்துகள் களவாகக் கலக்கப்பட்டிருப்பதைக் கண்டுபிடித்துச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது.

சில்டெனாஃபில் கெட்ட மருந்தல்ல. அளவு தெரியாமல், கலந்திருப்பது தெரியாமல் சாப்பிடுவதுதான் கேடு. நெஞ்சுவலிக்காக நாக்கின் அடியில் வைக்கும் ஜிடிஎன் போன்ற நைட்ரேட் மருந்து எடுப்பவர் இதையும் சேர்த்து எடுத்தால் இரத்த அழுத்தம் பாதாளத்துக்கு இறங்கி உயிர் போகலாம். காப்பிதானே குடித்தோம் என்று நினைப்பவர் மருத்துவமனையில் அதைச் சொல்லவும் மாட்டார்.

சிங்கப்பூரில் 2008இல் நடந்தது இதைவிட விசித்திரமானது. அவ்வாண்டின் முதல் ஐந்து மாதங்களில், நீரிழிவே இல்லாத ஏறத்தாழ 150 பேர் இரத்தத்தில் சர்க்கரை அபாயகரமாக இறங்கி மருத்துவமனைகளுக்கு வந்தார்கள். டாக்டர்களுக்குப் புரியவில்லை. விசாரித்ததில், திருட்டுத்தனமாக விற்கப்பட்ட ஆண்மை மாத்திரைகளில் கிளிபென்கிளமைட் கலந்திருந்தது தெரியவந்தது. அது நீரிழிவுக்காரர்களுக்குச் சர்க்கரையைக் குறைக்கக் கொடுக்கும் மாத்திரை. வந்தவர்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கினர்தான் அப்படி ஒன்றைச் சாப்பிட்டதாக ஒப்புக்கொண்டார்கள். நால்வர் இறந்துபோனார்கள். ஏற்கனவே சர்க்கரை மாத்திரை சாப்பிடும் ஒருவர் அதன்மேல் இதையும் விழுங்கினால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நம் நாட்டில் முறையாகப் பதிவான மருந்திலும் பாரம்பரிய மருந்திலும் ‘மால்’ என்று தொடங்கும் பதிவு எண்ணும் மின்னும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் இருக்கும். அவை இல்லாத பொட்டலத்தை வாங்கவே கூடாது. காப்பி, தேன் என்று உணவுப் பெயரில் வந்துகொண்டே ஆண்மையைக் கூட்டும் என்று சொல்வதற்கு எந்தப் பொருளுக்கும் உரிமை கிடையாது.

‘ஆக்சிஜனேற்ற எதிர்ப்பு’ மாத்திரைகள் இன்னொரு வகை. புகைதான் பிரச்சினை என்றால், புகையை நீக்கும் வைட்டமின் மாத்திரை போதாதா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது. அறிவியலாளர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். பரிசோதித்தபோது ஏமாற்றம்தான் மிஞ்சியது. வைட்டமின் இ மாத்திரை இருதய நோயைத் தடுக்கவில்லை என்று 2000இல் வெளியான பெரிய ஆய்வு காட்டியது. அதே மாத்திரையைச் சாப்பிட்ட ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்றுநோய் 17 விழுக்காடு அதிகமாக வந்ததாக 2011இல் மற்றோர் ஆய்வு சொன்னது. அடுப்பில் விறகைக் குறைக்காமல் புகையை விசிறிக்கொண்டிருந்தால் என்ன பயன்? கீரை, காய்கறி, பருப்பு, மீன் என்று சாப்பாட்டிலிருந்து வருவது வேறு. அதற்கு யாரும் தடை சொல்லவில்லை.

பலன் தருபவை

விறகைக் குறைப்பதுதான் அடிப்படை. நீரிழிவும் உடல் பருமனும் உள்ள 306 ஆண்களை ஓராண்டு கவனித்த அமெரிக்க ஆய்வில், உணவிலும் நடையிலும் தீவிரமாக மாற்றம் செய்தவர்களில் 8 விழுக்காட்டினருக்குத்தான் விறைப்பு மேலும் மோசமானது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் அது 22 விழுக்காடு. இத்தாலியில் பருமனான, ஆனால் நீரிழிவு இல்லாத 110 ஆண்களிடம் நடந்த ஆய்வில், எடை குறைத்துப் பயிற்சி செய்த 55 பேரில் 17 பேருக்கு இரண்டு ஆண்டுகளில் பழைய நிலை திரும்பியது. மற்ற 55 பேரில் மூவருக்குத்தான். எடை குறைந்தால் டெஸ்டோஸ்டிரோனும் ஊசியில்லாமலே ஏறும்.

எவ்வளவு பயிற்சி என்றால், மூச்சு வாங்கும் அளவுக்கு நாற்பது நிமிடம், வாரத்துக்கு நான்கு நாள், ஆறு மாதம் என்று ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் கணக்குச் சொல்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரம் காவல் வேலை பார்ப்பவரிடம் இதைச் சொல்வது எளிது, செய்வது கடினம். மின்தூக்கி பழுதான நாள்களில் ஐந்து மாடி ஏறி இறங்குவதும் பயிற்சிக் கணக்கில் சேரும் என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம். தே தாரேக்கைக் கட்டிப்பால் இல்லாமல், சீனி இல்லாமல் ‘தே ஓ கோசோங்’ என்று கேட்பதற்கு நேரம் தேவையில்லை. சிகரெட்டை விடுவதற்கும் அப்படியே. சிகரெட் புகை இரத்தக் குழாயின் உட்சுவரில் சர்க்கரை செய்யும் அதே வேலையைத்தான் செய்கிறது.

இதற்கு மேல் தேவைப்பட்டால் மாத்திரை இருக்கிறது. சில்டெனாஃபிலை நீரிழிவுள்ள 268 ஆண்களிடம் சோதித்த 1999ஆம் ஆண்டு ஆய்வில், 56 விழுக்காட்டினர் முன்னேற்றம் கண்டார்கள். வெற்று மாத்திரை பெற்றவர்களில் 10 விழுக்காடு. நீரிழிவு இல்லாதவர்களுக்குக் கிடைக்கும் பலனைவிட இது குறைவுதான். இந்த மாத்திரை புதிதாக நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்குவதில்லை, இருப்பதன் விளைவை நீட்டிக்கத்தான் செய்கிறது. உள்ளே வாயுவே இல்லாவிட்டால் நீட்டிக்க ஒன்றுமில்லை. ஆகவே, சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்காதவருக்கு இதுவும் கைவிரித்துவிடும். மாத்திரை பலன் தராதவர்களுக்கு ஊசி, வெற்றிடக் கருவி, அறுவை சிகிச்சை என்று அடுத்த படிகளும் உண்டு. இவற்றைச் சிறுநீரியல் நிபுணர் விளக்குவார்.

மனைவியையும் கூட அழைத்துப் போவது பல வீடுகளில் நடக்காத காரியம். ஆனால், கணவர் விலகிப் படுக்கிறார், பேச்சுக் குறைந்துவிட்டது என்றால் வேறு தொடர்பு இருக்குமோ என்று மனைவி சந்தேகப்படுவது இயல்பு. இது சர்க்கரையின் வேலை என்று தெரிந்தால் அந்த வீட்டில் பாதிச் சண்டை குறையும்.

அரசாங்க கிளினிக்கில் ஒரு வெள்ளிக்கு டாக்டரைப் பார்க்கலாம். நீரிழிவு நோயாளியான ஆண்களிடம் இதைக் கேட்க வேண்டும் என்று சுகாதார அமைச்சின் சிகிச்சை வழிகாட்டியிலேயே இருக்கிறது. கூட்டம் நிறைந்த காலை வேளையில் டாக்டர் கேட்க மறந்தால் நோயாளி நினைவூட்டலாம். வாயால் சொல்லக் கூச்சமாக இருந்தால், ஐந்தே கேள்விகள் கொண்ட ஒரு படிவம் உண்டு. விறைப்பு வருகிறதா, நிலைக்கிறதா, தன்னம்பிக்கை எப்படி என்பது போன்ற கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணைச் சுழிக்க வேண்டும். மொத்தம் 25 புள்ளி. 21 அல்லது அதற்குக் கீழே வந்தால் குறைபாடு இருக்கிறது என்று பொருள். அந்தத் தாளை டாக்டரிடம் நீட்டினால் போதும், மீதியை அவர் கேட்டுக்கொள்வார். போகும்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும், வாங்கிய காப்பிப் பொட்டலம் உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும்.